வீடு பார்க்கப் போன இடத்தில் குடித்த தண்ணீர்

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிற இடத்தில் நான் தண்ணீர் குடிக்க மாட்டேன். சென்னைக்கு வந்த பிறகு நாலு வீடு மாறியாகிவிட்டது. ஒவ்வொரு வீடு அமைவதற்கும் முன்னால் பத்துப் பதினைந்து வீடாவது ஏறி இறங்கியிருப்பேன். வெயிலில் மூன்று மாடி ஏறி, நாக்கு வறண்டு நிற்கும்போது, வீட்டுக்கார அம்மா, "தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டால், "இப்பத்தான் குடிச்சேங்க" என்று கூசாமல் பொய் சொல்வேன். கூட வருகிற என் கணவருக்கு இது பெரிய வேடிக்கை. "உனக்கு வெஷம் வெச்சிக் குடுத்துட்டு அப்புறம் வீட்ட யாருக்கு விடுவாங்க?" என்பார். காரணத்தைச் சொன்ன பிறகும் கேலியை மட்டும் அவர் விடவில்லை.

இந்தப் பழக்கம் எனக்கு எட்டு வயதில் ஆரணியில் பிடித்தது.

கலசப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா தாலுகா ஆபீஸில் கிளார்க். அந்த வருடம் அவருக்கு ஆரணிக்கு மாற்றல் வந்தது. போளூரில் பஸ் மாறி ஆரணிக்குப் போய் வருவதற்குள் மனிதர் பாதியாகிவிட்டார். தம்பிக்கு அப்போது மூன்று வயது. அவன் எழுந்திருக்கும் முன் கிளம்பிப் போகும் அப்பா, அவன் தூங்கிய பிறகுதான் வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைப் பார்த்தால் விருந்தாளியைப் பார்ப்பதுபோல் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த அம்மா, ஆரணிக்கே குடிபோய்விடுவது என்று முடிவு செய்தாள். அம்மா முடிவு செய்தால் அப்பா ஒப்புக்கொள்வார். எங்கள் வீட்டு நடைமுறை அது.

ஒப்புக்கொண்டதோடு நிற்காமல் அப்பா ஒரு காரியம் செய்தார். மாதச் சம்பளக்காரனுக்கு ஒரு டவுனில் வீடு கிடைப்பதா கஷ்டம் என்று, வீடு பார்க்கும் முன்பே என் பள்ளிக்கூடத்தில் டீசியை வாங்கிவிட்டார். ஆரணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடமும் சொல்லி வைத்துவிட்டார். ஆற அமர வீடு பார்க்க மே மாதம் முழுக்க இருக்கிறதே என்றார். மே மாதம் ஓடியே போய்விட்டது.

பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருக்கும்போது அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"அதுக்குள்ள வீடு அமையலன்னா இவள இந்த வருஷம் செங்கத்துல எங்க அக்கா வூட்ல உட்டுடலாங்க. அங்க சேத்துக்கறேன்னு சொல்லிக்கிறாங்க. வாங்குன டீசியத் திருப்பிக் குடுத்தா ஊரே சிரிக்கும்."

செங்கத்துப் பெரியம்மா நல்லவள்தான். ஆனால் இரட்டைப் பின்னல் போடுகிறேன் என்று மண்டைத் தோல் உரிகிற மாதிரி இழுத்துக் கட்டுவாள். அவளுடைய மகனோ என் பென்சில்களை எல்லாம் இரண்டு பக்கமும் சீவிவிடுவான். இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். அம்மா இல்லாமல், தம்பி இல்லாமல், ஒரு வருடம் முழுக்க வேறொரு வீட்டில் படுத்து எழுந்திருப்பதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே வேண்டுதல்தான். ஆரணியில் எங்களுக்கு ஒரு வீடு கிடைக்க வேண்டும்.

வீடு பார்க்கப் போவதென்றால் எங்கள் வீட்டில் பெண் பார்க்கப் போவதற்கு உண்டான அலங்காரம் நடக்கும். அம்மா இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொள்வாள். எனக்குத் திருவிழாவுக்கு எடுத்த நீல கவுன். தம்பிக்குக் கழுத்து வரை பவுடர். அப்பா ஆபீசுக்குப் போகும் பேண்ட் சட்டையில், பையில் பேனாவோடு வருவார். பேனாவைப் பார்த்தாலே வீடு கொடுத்துவிடுவார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

முதலில் பார்த்த வீடு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பச்சை பெயிண்ட் அடித்த வீடு. வாசலோரம் ஒரு முருங்கை மரம், துணி துவைக்க ஒரு கல். வீட்டுக்கார அம்மா எங்களை அன்பாகத்தான் உள்ளே கூப்பிட்டார். குழாயைத் திறந்து தண்ணீர் வருவதைக் காட்டினார். "காத்து நல்லா வரும்மா, ஃபேனே வாணாம்" என்றார். அம்மா சமையலறையில் நின்றுகொண்டு மிக்ஸியை எங்கே வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குத் தாகமாக இருந்தது. கேட்டதும் ஒரு பளபளப்பான எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வந்தது.

அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சொந்த ஊரு எது சார்?"

"கலசப்பாக்கம் பக்கம்."

"கலசப்பாக்கத்துல எங்க?"

அப்பா ஊரின் பெயரைச் சொன்னார்.

"அங்க எந்தத் தெரு?"

அப்பா அதையும் சொன்னார். எங்கள் தெருவுக்குத் தனியாகப் பெயர் கிடையாது. காலனி என்பார்கள், அவ்வளவுதான்.

நான் டம்ளரை வாயில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மாவின் கண் என்மேல் இருந்தது. சற்று முன்புவரை சிரித்துக்கொண்டிருந்த முகம், பால் திரிந்ததுபோல ஆகிவிட்டது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, டம்ளரைத்தான் பார்த்தார். வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் சார். எங்க மச்சினன் ஒருத்தரு இந்த வீட்டக் கேட்டுகினு கீறாரு. அவரு வாணாம்னு சொன்னா உங்களுக்குப் போன் போடறேன்" என்றார். அப்பா நம்பரை எழுதிக் கொடுக்கப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

டம்ளரைத் திருப்பிக் கொடுக்க நான் கையை நீட்டினேன். வீட்டுக்கார அம்மா வாங்கவில்லை. "அங்க வெச்சிடு பாப்பா" என்று துவைக்கிற கல்லைக் காட்டினார். தெருமுனை திரும்பும்போது நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவர் நாலடி தள்ளி நின்று, மக்கில் தண்ணீர் எடுத்து அந்த டம்ளர்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாய் வைத்துக் குடித்ததால்தான் வீடு போய்விட்டது. எங்கள் வீட்டில் எல்லோருமே சொம்பை வாயில் வைத்துத்தான் குடிப்போம். டவுனில் இருப்பவர்கள் வாய் படாமல் அண்ணாந்துதான் குடிப்பார்கள்போல. அது தெரியாத பிள்ளை இருக்கிற குடும்பத்துக்கு யார் வீடு கொடுப்பார்கள்? பஸ்ஸில் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். நான் செய்த தப்பை அவள் கவனித்திருக்கக் கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.

அந்தப் பச்சை வீட்டுக்காரர், இரண்டு வருடம் கழித்து மகனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அப்பாவின் மேசைக்கு வந்தாராம். அப்பா அவரை உட்காரச் சொல்லி, மேசைமேல் இருந்த தன் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாராம். அவர் குடித்தாரா என்று நான் கேட்டதில்லை.

அடுத்த நாள் முதல் நான் பயிற்சியில் இறங்கினேன். எங்கள் தெரு அடிபம்பில் சொம்பு நிறையத் தண்ணீர் பிடித்து, தலையை அண்ணாந்து, வாயைத் திறந்துகொண்டு ஊற்றுவேன். முதல் நாள் மூக்குக்குள் போனது. இரண்டாம் நாள் காதுக்குள் போனது. கவுன் நனைந்து இருமிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "இன்னாடி இது புது வித்த?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். நான் காரணத்தைச் சொல்லவில்லை. நாலாம் நாள் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் அரைச் சொம்பு குடிக்க முடிந்தது. ஊர்ப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

இதற்கு நடுவில் அப்பா தினமும் ஆபீஸ் முடிந்து வீடு பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு வீட்டில் மாமியார் திடீரென்று குடிவருவதாகச் சொன்னார்களாம். இன்னொரு வீட்டில் பெயிண்ட் அடிக்கப் போகிறார்களாம். இன்னொன்றை விற்கப் போகிறார்களாம். அப்பா வந்து சொல்லச் சொல்ல, ஆரணியில் மாமியார்களும் பெயிண்ட்காரர்களும் எவ்வளவு பேர் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என்னையும் கூட்டிப் போயிருந்தால் குடித்துக் காட்டியிருப்பேனே என்று ஆதங்கமாகவும் இருந்தது.

அப்போதுதான் மாமா களத்தில் இறங்கினார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. போளூரில் செல்போன் கடையில் வேலை. வாய் இருக்கிறவன் எங்கேயும் பிழைத்துக்கொள்வான் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

"மாமா, நீங்க ஒண்ணும் பேசாதீங்க. நான் பேசிக்கிறேன். நீங்க கம்முனு நின்னா போதும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, ஆரணி பஸ் ஸ்டாண்டிலேயே அவர் நெற்றியில் மூன்று விரலால் திருநீறு பூசிவிட்டார். அன்று அப்பா பேண்ட் போடவில்லை. வெள்ளை வேட்டி. அம்மா தலையில் இரண்டு முழம் பூ. தம்பிக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டதை அவன் எங்கேயாவது உளறிவிடுவான் என்று மாமாவுக்குப் பயம். அவன் வாயில் பிஸ்கட் தீரத் தீர அம்மா வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த வீட்டுக்காரர் ரிடையர் ஆனவர். மாடி போர்ஷன். அவர் கேள்வி கேட்கும் முன்பே மாமா பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அக்கா வீட்டுக்காரர் தங்கமானவர், சுத்த சைவம், சொந்த ஊர் தேவிகாபுரம் என்றார். பழைய கோயில் இருக்கிற ஊர், சொன்னால் மரியாதையாக இருக்கும் என்று தேர்ந்தெடுத்தார்போலும். பிறகு, "நாங்க இன்ன ஆளுங்க சார்" என்று ஏதோ ஒரு பெயரையும் சொன்னார். எனக்கு அது புதிய பெயராக இருந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர் வந்தது. நான் முன்னால் போய் நின்று, அண்ணாந்து, ஒரு சொட்டு சிந்தாமல் முழு டம்ளரையும் குடித்து முடித்தேன். வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம ஆளுங்களா! முன்னாடியே சொல்லக் கூடாதா? எங்க வீட்ல அவங்களுக்கும் தேவிகாபுரம்தான்" என்று உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஆசையாக வந்தார்.

"தேவிகாபுரத்துல யாரு வூடுங்க? கோயிலுக்குக் கெழக்கால தெருவா, மேற்காலயா?"

மாமா கொஞ்சம் யோசித்து, "நடுவுலங்க" என்றார்.

"நடுவுல கோயிலு தானே இருக்குது?"

"அதான், அதுக்குக் கொஞ்சம் தள்ளி."

"இருங்க, எங்க அண்ணன் இப்ப வந்துடுவாரு. ஊர்ல அவருக்குத் தெரியாத குடும்பமே இல்ல. உங்களப் பாத்தா சந்தோசப்படுவாரு" என்று அந்த அம்மா நாற்காலிகளை இழுத்துப் போட்டார். வீட்டுக்காரர் அதற்குள் சாவியை எடுத்து வந்து அப்பாவின் கையில் வைத்து, விரல்களை மூடி, "நல்ல நாளு பாத்து பால் காய்ச்சிடுங்க" என்றார்.

சாவி. அப்பாவின் கையில். செங்கம் இல்லை, பின்னல் இல்லை, பென்சில் தொல்லை இல்லை. எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. மாமா செல்போனைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், நெற்றியில் வேர்வை ஓடியது. "பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சி, இன்னொரு நாளு வந்து பேசறோங்க" என்று அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினார். அப்பா கையை விரித்துச் சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை மெதுவாக நாற்காலிமேல் வைத்துவிட்டு, வீட்டுக்காரரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

தெருக்குழாயில் அப்பா முகத்தைக் கழுவினார். திருநீறு போன பிறகும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு மாசம் ஓட்டிக்கினா அப்புறம் யாரு மாமா கேக்கப் போறாங்க?" என்றார் மாமா.

"நான் ஓட்டிடுவேன்டா. இதுங்க ரெண்டும் பொய்யச் சொல்லிக்கினே வளரணுமா? இனிமே எங்க போனாலும் நானே முன்னாடி சொல்லிடறேன். குடுத்தா குடுக்கட்டும்."

மாமா அதற்குப் பிறகு பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். நான் அப்பாவோடு பேசவில்லை. நான் கஷ்டப்பட்டுக் குடித்து வாங்கிக்கொடுத்த வீட்டை இந்த மனிதர் நாற்காலிமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. என் துணிமணிகள் செங்கத்துக்குப் போவதற்காக ஒரு பையில் தயாராகிவிட்டன. சேவூரில் ஒரு தெருவின் கடைசியில் டூலெட் போர்டு தொங்குவதாக ஆபீஸில் யாரோ சொன்னார்கள் என்று, கடைசி முயற்சியாக முதல் பஸ்ஸிலேயே கிளம்பினோம். சேவூர் ஆரணியின் ஓரத்திலேயே இருக்கிறது. டவுன் பஸ்ஸில் இறங்கி அந்தத் தெருவுக்குள் நுழைந்தால், மேலே போக வழியில்லை. தெரு முழுக்கப் பாவு நீட்டியிருந்தார்கள்.

சேலை நெய்வதற்கான நீளவாட்டு இழைகள்தான் பாவு. ஆயிரக்கணக்கான பட்டிழைகளைத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இடுப்பளவு உயரத்தில் இழுத்துக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் சீர்செய்து சுருட்டிவிட வேண்டும். ஓர் இழை அறுந்தாலும் தேடிப் பிடித்து முடிய வேண்டும். அதுவரை தெருவில் சைக்கிள்கூடப் போகாது. அன்று இளநீலத்தில் ஒரு பாவு. ஐந்தாறு பேர் இரண்டு பக்கமும் நின்று குனிந்து இழைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி அம்மாவின் கையை உதறிவிட்டு அதன் அடியில் புகுந்து ஓடப் பார்த்தான்.

"ஏ, ஏ! புள்ளயப் புடிங்கம்மா!" என்று ஒரு குரல் தெருவே அதிரக் கேட்டது.

அப்படித்தான் எங்களுக்குத் தறிக்கார அம்மா அறிமுகமானார். ஐம்பது வயதிருக்கும். சேலையை இடுப்பில் செருகி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தெருவையே கையில் வைத்திருந்தார். விடிந்ததிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டதும் அவர் குரல் தணிந்தது.

"யாரு வூட்டுக்கு?"

"அந்தக் கோடியில வீடு காலின்னு சொன்னாங்க" என்றார் அப்பா.

"அத நேத்தே உட்டுட்டாங்களே சார்."

அம்மா தம்பியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். நான் செங்கத்துப் பையை நினைத்தேன்.

"வெயில்ல ஏன் நின்னுகினு? உள்ள வந்து ஒக்காந்துட்டுப் போங்க" என்று அவர் எங்களைத் தன் வீட்டுக்குள் அழைத்துப் போனார். உள்ளே கூடம் முழுக்கத் தறிகள். பாயை விரித்துப் போட்டுவிட்டு, "எங்க மாடியும் காலியாத்தான் கெடக்குது. ஆனா..." என்று இழுத்தார்.

அந்த "ஆனா"வைக் கேட்டதும் அப்பா எழுந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம்மா. மொதல்ல நான் ஒண்ணு சொல்லிடறேன்" என்று, எங்கள் ஊர், எங்கள் தெரு, எங்கள் சாதி மூன்றையும் மனு படிப்பதுபோல வரிசையாகச் சொன்னார். "அப்புறம் தெரிஞ்சி உங்களுக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம். வாணாம்னா இப்பவே சொல்லிடுங்க. நாங்க ஒண்ணும் நெனச்சிக்க மாட்டோம்."

தறிக்கார அம்மா கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி அப்பாவைப் பார்த்தார்.

"அத யாரு சார் உங்கள இப்பக் கேட்டா? நான் இழுத்தது தறிக்காக. கீழ மூணு தறி ஓடுது. காலையில அஞ்சர மணிக்கு ஒக்காந்துடுவாங்க. போன வருஷம் ஒரு பேங்க்காரரு வந்தாரு, மண்டையிடின்னு இருவதே நாள்ல ஓடிட்டாரு. அதுக்கப்புறம் வந்த வாத்தியாரு ஒரு மாசம் தாங்கல. ஆளு மாத்தி ஆளு மாத்தி எனக்குப் பேஜாராப் பூட்ச்சி. நீங்க சத்தம் தாங்குவீங்களா, மாட்டீங்களா? ஜல்தியா அத மட்டும் சொல்லுங்க."

வீடு பார்க்கப் போன இடங்களில் எங்கேயும் வாய் திறக்காத அம்மாதான், "தாங்குவோங்க" என்றாள்.

வாசலில் தறிக்கார அம்மாவின் வீட்டுக்காரர் வந்து நின்றிருந்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். "ஏய், தெருவுல நாலு பேரு..." என்று ஆரம்பித்தார்.

"அந்த நாலு பேரயும் வந்து மாடில குடியிருக்கச் சொல்லு. இருவது நாளு இருக்கறானுங்களா பாக்கறேன். நீ போய் பாவப் பாரு, வெயிலு ஏறுது."

அவர் அப்பாவை ஒரு முறை பார்த்தார், மனைவியை ஒரு முறை பார்த்தார். பிறகு பாவைப் பார்க்கப் போய்விட்டார்.

தறிக்கார அம்மா உள்ளே போய் ஒரு டம்ளர் எடுத்துவந்து, பாய்க்குப் பக்கத்தில் இருந்த குடத்திலிருந்து தண்ணீர் சாய்த்து என்னிடம் நீட்டினார். பெரியவர்கள் பேசியதெல்லாம் என் காதில் சரியாக ஏறவே இல்லை. இந்த டம்ளரில்தான் எல்லாம் இருக்கிறது என்று மட்டும் தெரியும். அண்ணாந்து, வாயைத் திறந்து, டம்ளரை உயர்த்தினேன். அந்த நேரம் பார்த்துத் தம்பி, "எனக்கு" என்று என் முழங்கையைப் பிடித்து இழுத்தான். தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. இருமல் வந்தது, கண்ணில் நீர் வந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் டம்ளரை வாயில் வைத்து மிச்சத்தை மடக் மடக்கென்று குடித்துவிட்டேன்.

குடித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் பார்த்தார். போச்சு, இந்த வீடும் போச்சு. டம்ளரை எங்கே வைப்பது என்று கேட்கக்கூடத் தைரியம் இல்லாமல், துவைக்கிற கல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடினேன்.

தறிக்கார அம்மா என் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கினார். அதே குடத்திலிருந்து அதில் தண்ணீரைச் சாய்த்து, கட்டிப்போன தொண்டை நனைய, வாய் வைத்து முழு டம்ளரையும் ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரைக் குடத்தின்மேலேயே கவிழ்த்துவிட்டு, புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"சாவி படிக்கட்டு ஆணியில தொங்குது. போயிப் பாருங்க. பாவு நீட்டற நாள்ல மட்டும் இந்தப் பையனக் கட்டிப் போட்டு வையிங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டார். அடுத்த நிமிடமே அங்கிருந்து யாரையோ அதட்டும் சத்தம் கேட்டது.

அந்த மாடியில் நாங்கள் ஒன்பது வருடம் இருந்தோம். முதல் வாரம் எனக்குக் கட்டிலே ஆடுவதுபோல் இருந்தது. பிறகு தறி நின்ற நாட்களில்தான் தம்பி தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்துகொள்வான். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிற வழக்கமும் அவனுக்கு ஆரம்பித்தது. இப்போது ஒளிந்தது அம்மாவிடமிருந்து.

ஆனால் அன்று திரும்பிப் போகும் பஸ்ஸில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. அப்பா சாவியைச் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்தார். என் மனசு லேசாகிவிட்டது. மறுநாள் சீக்கிரம் கிளம்பி நேராகப் பள்ளிக்கூடம், சாமான்கள் புதன்கிழமை என்று பேசிக்கொண்டார்கள். செங்கம் என்ற பேச்சே இல்லை. எனக்கு ஒரு கவலை மட்டும் மிச்சம் இருந்தது. அதை அம்மாவின் காதில் சொன்னேன்.

"அம்மா, அந்த அம்மாவுக்கும் வாய் வெக்காம குடிக்கத் தெரியலம்மா. பாவம், அவங்க வாடகைக்கு வீடு தேடிப் போனா யாருமே குடுக்க மாட்டாங்க. நாம அங்க போனதும் நான் அவங்களுக்குக் கத்துக் குடுத்துடறேன்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு, அடிபம்பில் நான் கவுன் நனைய நின்றது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அவள் வயிறு குலுங்குவது என் கன்னத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து என் காதுமேல் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் அம்மா அழுதுகொண்டிருந்தாள். அப்பா ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டார்.

அம்மாவுக்கு எவ்வளவு இளகிய மனசு, தறிக்கார அம்மாவுக்காக இப்படி அழுகிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.